இருபத்து மூன்று வயது முட்டுக்கு லேசர் அக்குபஞ்சரா, பிசியோவா?

காவலர் தேர்வுக்கு அறிவிப்பு வந்துவிட்டால் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் விடியும் முன்பே கூட்டம் சேர்ந்துவிடும். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அந்த ஏழு நிமிடத்துக்காகப் பல ஊர்ப் பையன்கள் மாதக்கணக்கில் ஓடுகிறார்கள். என் தம்பியும் அவர்களில் ஒருவன். வயது 23. அதுவரை பேட்டையில் ஒரு கடையில் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கணக்கு எழுதியவன், திடீரென்று காலையும் மாலையும் ஓட ஆரம்பித்தான். மூன்றாவது வாரம் வலது முட்டு மக்கர் செய்தது. ஓடும்போது எப்படியோ சமாளித்துவிடுவான். குறுக்குத்துறையில் குளிக்கப் போனால் படித்துறையில் இறங்கும்போதுதான் முகம் சுருங்கும்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அம்மாவுக்கு எண்ணெய். "ஏல, எண்ணெயச் சூடு பண்ணித் தடவுனா ரெண்டு நாள்ல சரியாப் போவும். எங்க ஆச்சி எம்பது வயசுலயும் குத்த வச்சு உக்காந்து நெல்லு புடைச்சா." அத்தானுக்கு லேசர். அவருடைய அலுவலகத்தில் யாரோ போய்க் குணமாகி வந்திருக்கிறார்கள். "மாப்ள, ஊசியே கிடையாது. லைட்டு அடிப்பாவ, பத்து நிமிசத்துல எழும்பி வந்துரலாம்." தம்பிக்கு அத்தான் சொன்னதுதான் பிடித்தது. நோட்டீஸும் கையோடு கொண்டுவந்திருந்தான். ஊசி இல்லை, வலி இல்லை, பக்கவிளைவு இல்லை. பத்து சிட்டிங், மொத்தமாகக் கட்டினால் 5,000 ரூபாய். பணம் கொடுக்கப்போவது நான் என்பதால் கொஞ்சம் படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். அப்படிப் படித்ததும் விசாரித்ததும்தான் இது. நான் மருத்துவன் இல்லை. ஒரு வீட்டுக்காரன் காசை எங்கே போடலாம் என்று கணக்குப் பார்த்த கதை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சிகிச்சை என்பதற்கு முன்னால், எந்த வலி என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதை யாரும் கேட்பதே இல்லை. முட்டுவலி என்றாலே நம் ஊரில் 'தேய்மானம்' என்று முடிவு கட்டிவிடுகிறோம். இருபது, முப்பது வயதில் தேய்மானம் பெரும்பாலும் காரணம் அல்ல. இந்த வயதில் அதிகம் வருவது முட்டின் முன்பக்க வலி. முழங்கால் சில்லு, தொடை எலும்பின் முனையில் உள்ள பள்ளத்தில் சிரட்டையைக் கவிழ்த்த மாதிரி உட்கார்ந்து, கால் மடங்கும்போதெல்லாம் மேலும் கீழும் வழுக்குகிறது. படி இறங்கும்போது அந்த இடத்தில் உடல் எடையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் அழுத்தம் விழும். குத்த வைத்து உட்கார்ந்தால் இன்னும் அதிகம். தொடைத் தசையும் இடுப்புத் தசையும் அந்தப் பாரத்தைத் தாங்கப் பழகுவதற்குள் வேலையைக் கூட்டினால், சில்லைச் சுற்றி வலிக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியாது. படி இறங்கினால் வலி, நாகர்கோவில் பஸ்ஸில் காலை மடக்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் வலி, எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒரு விரலால் காட்டத் தெரியாமல் உள்ளங்கையால் முட்டையே மூடிக் காட்டுவது: இதுதான் அதன் அடையாளம். தம்பி அப்படியே உள்ளங்கையை வைத்தான்.

ஒரு விரலை எடுத்து, சில்லுக்குச் சற்றுக் கீழே சரியாக ஒரே இடத்தில் வைத்தால் அது வேறு. கபடி, வாலிபால் ஆடுகிறவர்களுக்கு வரும் தசைநாண் வலி அது. வளரும் பிள்ளைகளுக்கு அதற்கும் கீழே, எலும்பு மேடு தட்டுகிற இடத்தில் வலிக்கும். ஓடுகிறவர்களுக்கு முட்டின் வெளிப்பக்கம் வலித்தால் அதற்கு இன்னொரு காரணம். ஆடும்போது கால் திருகி, 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முட்டு வீங்கினால் ஜவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு. இவற்றுக்கெல்லாம் ஒரே நோட்டீஸில் ஒரே பத்து சிட்டிங் என்று போட்டிருந்ததே, அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

லேசரோ எண்ணெயோ எதுவும் வேண்டாம், நேரே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டிய வலிகளும் உண்டு. முட்டு பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட முடியவில்லை. நடக்கும்போது கால் திடீரென்று மடங்கி விழப்பார்க்கிறது. முட்டு சிவந்து சூடேறிக் காய்ச்சலும் இருக்கிறது. காலை ஊன்றவே முடியவில்லை. ஓய்வாகப் படுத்திருந்தாலும் இரவில் வலி எழுப்புகிறது, அல்லது முட்டை ஒட்டி ஒரு கட்டி தட்டுப்படுகிறது. கடைசியில் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எலும்பில் வரும் புற்றுநோயில் ஒரு வகை அபூர்வம்தான். ஆனால் அது அதிகம் வருவது பதின்வயதிலும் இருபதுகளிலும். அதிகம் வரும் இடம் முட்டைச் சுற்றி. அப்படிப்பட்டவர் ஒரு மாதம் லைட் வைத்துக்கொண்டு காத்திருந்தால் போனது ஐயாயிரம் மட்டும் இல்லை.

சரி, லேசருக்கு வருவோம். லேசர் அக்குபஞ்சரில், ஊசி குத்தும் புள்ளிகளில் ஊசிக்குப் பதிலாக ஒரு பேனா மாதிரிக் கருவியை வைத்து ஒளியைச் செலுத்துகிறார்கள். முட்டுக்கு வழக்கமான புள்ளிகள் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ள குழிகள், அதற்கும் கீழே நான்கு விரற்கடை தள்ளிக் கால் எலும்பின் வெளிப்புறம் உள்ள எஸ்.டி.36 என்கிற புள்ளி, இப்படிச் சில. இது அறுவை செய்கிற, சுடுகிற லேசர் இல்லை. சிவப்பு அல்லது அகச்சிவப்பு நிறத்தில், சூடு தெரியாத அளவுக்குக் குறைந்த சக்தியில் வருவது. செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்த ஒளியை உறிஞ்சி, அதனால் வீக்கமும் வலியும் தணிகின்றன என்பது இதன் பக்கம் சொல்லும் விளக்கம்.

அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. கருவி முனையில் நாம் பார்க்கும் சிவப்பு பல நேரம் வழிகாட்டும் வெளிச்சம் மட்டுமே. உடம்பிலும் ஒன்றும் தெரியாது. ஆகவே கருவி வேலை செய்கிறதா, பேட்டரி தீர்ந்துவிட்டதா என்று படுத்திருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. நோயாளிக்கு இது ஒரு சங்கடம். ஆய்வு செய்கிறவர்களுக்கோ இதைவிட வசதி கிடையாது. ஒளி வராத பொய்க் கருவியை வைத்து, உண்மை எது, நம்பிக்கை எது என்று பிரித்துப் பார்த்துவிடலாம்.

பார்த்தும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நடத்தி, 2014-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழில் வெளியான ஆய்வில் 282 பேர். எல்லோரும் 50 வயதோ அதற்கு மேலோ, நாள்பட்ட முட்டுவலிக்காரர்கள். ஒரு பிரிவுக்கு ஊசி, ஒரு பிரிவுக்கு லேசர், ஒரு பிரிவுக்குப் பொய் லேசர், ஒரு பிரிவுக்கு ஒன்றும் இல்லை. 12 வாரம் கழித்துப் பார்த்தால், ஒன்றும் செய்யாதவர்களைவிட ஊசிக்காரர்களுக்கும் லேசர்காரர்களுக்கும் வலி கொஞ்சம் குறைந்திருந்தது. பொய் லேசரோடு ஒப்பிட்டால் இரண்டுக்கும் மேன்மை இல்லை. ஒரு வருடம் கழித்து அந்தக் கொஞ்சமும் இல்லை. அத்தானின் அலுவலக நண்பர் சொன்னது பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவருக்கு வலி குறைந்தது நிஜமாகவே இருக்கும். குறைத்தது ஒளிதானா என்பதுதான் கேள்வி. யாரோ ஒருவர் அக்கறையாகப் பத்து நாள் காலைத் தொட்டுப் பார்த்தார், அந்தப் பத்து நாளும் இவர் மாடிப்படி ஏறாமல் இருந்தார். வலி குறைய அதுவே போதுமாக இருந்திருக்கலாம்.

இதற்கு லேசர் பக்கம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. அந்த ஆய்வில் புள்ளிக்குக் கொடுத்த ஒளி போதாது என்கிறார்கள். 2019-ல் முட்டுத் தேய்மானத்துக்குக் குறைந்த சக்தி லேசர் பற்றி 22 ஆய்வுகளை, 1,063 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பு வெளிவந்தது. பரிந்துரைத்த அளவுக்கு ஒளி கொடுத்த ஆய்வுகளில் வலி குறைந்திருந்தது, பலன் சில வாரம் நீடித்தது. அளவு குறைந்த ஆய்வுகளில் அப்படி இல்லை. பரிந்துரைத்த அளவு என்பது 785 முதல் 860 நானோமீட்டர் அலைநீள லேசருக்கு ஒவ்வொரு இடத்துக்கும் 4 முதல் 8 ஜூல். 904 நானோமீட்டருக்கு 1 முதல் 3 ஜூல்.

இந்த ஜூல் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான். வாட்டை நொடியால் பெருக்கினால் ஜூல். 50 மில்லிவாட் கருவியை ஒரு புள்ளியில் 80 நொடி வைத்தால் 4 ஜூல். 100 மில்லிவாட் என்றால் 40 நொடி. வெறும் 5 மில்லிவாட் கருவி என்றால் 800 நொடி, அதாவது புள்ளிக்குப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல். எட்டுப் புள்ளிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடலாம் என்று அத்தான் சொன்னது, கருவிக்குப் போதிய சக்தி இருந்தால்தான் பலிக்கும்.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு அந்த நோட்டீஸ் போட்டவர்களிடமே நேரில் போய்க் கேட்டேன். அலைநீளம் என்ன, எத்தனை மில்லிவாட், புள்ளிக்கு எத்தனை நொடி? வரவேற்பில் இருந்த பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, "ஜெர்மன் மெஷின் சார்" என்றார். மறுபடி கேட்டேன். "லேட்டஸ்ட் மெஷின்" என்றார். அந்தப் பெண்ணைக் குறை சொல்லி என்ன செய்ய? உள்ளே இருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மருந்துக் கடையில் மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் 'நல்ல கம்பெனி' என்று பதில் வந்தால் வாங்குவோமா?

இதுவரை சொன்ன ஆய்வெல்லாம் பெரும்பாலும் ஐம்பது தாண்டிய, தேய்ந்த முட்டுகளைப் பற்றியது. தம்பியின் முட்டு தேயவில்லை. அவனுக்கு வந்த முன்பக்க வலிக்கு அமெரிக்க பிசியோதெரபி சங்கத்தின் எலும்பியல் பிரிவு 2019-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அது இடுப்புக்கும் முட்டுக்கும் சேர்த்துச் செய்யும் பயிற்சியை முதலில் வைக்கிறது. அல்ட்ராசவுண்ட், ஐஸ், மின்தூண்டல், லேசர் போன்றவற்றை இந்த வலிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அக்குபஞ்சர் செய்து பார்க்கலாம், ஆனால் பொய்ச் சிகிச்சையைவிட அது மேல் என்று உறுதியாகவில்லை என்று எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறது. அந்த லேசர் என்பது அக்குபஞ்சர் புள்ளியில் வைப்பதா, வலிக்கிற இடத்தில் வைப்பதா என்று லேசர் மையத்துக்காரர்கள் வாதாடலாம். முட்டைப் பொறுத்தவரை அந்தப் புள்ளிகளில் பாதி வலிக்கிற இடத்திலேயே இருப்பதால், எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் படவில்லை.

பெரியவர்களின் தேய்மானத்திலும் நிபுணர்கள் ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் 2019-ல் முட்டுத் தேய்மானத்துக்கு அக்குபஞ்சர் செய்யலாம் என்று அரை மனதோடு ஒப்புக்கொண்டார்கள். இங்கிலாந்தின் அரசு வழிகாட்டி 2022-ல் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. ஆகவே வீட்டில் அப்பாவின் முட்டுக்குச் சொன்னதைத் தம்பியின் முட்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள். இரண்டும் வேறு நோய்.

ஊசியா லேசரா என்று மட்டும் கேட்டால், என் மனசு லேசர் பக்கம் கொஞ்சம் சாயும். பலனில் ஒன்றை ஒன்று விஞ்சியதாகத் தெரியாதபோது, குத்தாதது மேல். ஊசியைக் கண்டால் மயங்குகிறவர்கள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஊசியில் கிருமி பயமும் இருக்கிறது, ஒரு தடவை மட்டும் பயன்படுத்தும் ஊசியா என்று நாம் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். லேசரில் ஆபத்து கண்ணுக்குத்தான். செய்கிறவரும் படுத்திருப்பவரும் அதற்கான கண்ணாடி போட வேண்டும். போடச் சொல்லாத இடத்தில் எழுந்து வந்துவிடலாம். அப்புறம், நம் ஊர் நிறத்துக்கு ஒரு கவனம் வேண்டும். கறுத்த தோலில் உள்ள மெலனின் என்கிற நிறமி ஒளியைக் கூடுதலாக உறிஞ்சுவதால் சக்தி அதிகமான கருவியில், அரை வாட்டுக்கு மேற்பட்ட நான்காம் வகுப்பு லேசரில், சுட்டுவிட இடமுண்டு. பச்சை குத்திய இடத்திலும் அப்படித்தான். ஆக நோட்டீஸில் இருந்த மூன்று வாக்குறுதிகளில் முதல் இரண்டும் சரி, மூன்றாவது முக்கால்வாசி சரி. அதில் குணமாகும் என்ற வாக்குறுதி இல்லை என்பதை வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனித்தேன்.

இனி பிசியோ. இதற்கு நோட்டீஸ் கிடையாது, ஜெர்மன் மெஷினும் கிடையாது. பலரும் பிசியோ என்றாலே 'கரண்ட் வைக்கிறது' என்று நினைத்துக்கொள்கிறோம். பத்து நாள் போய்ப் படுத்துக் கரண்ட் வைத்துவிட்டு, பிசியோ செய்தும் கேட்கவில்லை என்கிறோம். கரண்டும் லேசர் மாதிரிதான், நீங்கள் படுத்திருக்க வேறு ஏதோ வேலை செய்வதாக நம்புவது. இந்த வயது முட்டுக்கு வேலை செய்வது நீங்கள் செய்கிற வேலைதான். சுருட்டிய துண்டை முட்டுக்கு அடியில் வைத்து அழுத்துவது, காலை நீட்டியபடி தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. அப்புறம் மெல்ல மெல்லச் சுவரில் சாய்ந்து பாதி உட்காருவது, ஒரு படியில் நின்று மறு காலைத் தரை தொடும்வரை இறக்கி ஏற்றுவது. முதல் வாரத்தில் இடுப்புப் பயிற்சிதான் அதிகம். முட்டு வலிக்கிறது என்று போனால் இடுப்பை ஆட்டச் சொல்கிறார்களே என்று தம்பிக்கு எரிச்சல். இடுப்புத் தசை தளர்ந்திருந்தால் ஓடும்போது தொடை உள்பக்கமாகச் சாய்கிறது, சில்லு தன் பள்ளத்தில் ஒரு பக்கமாக உரசுகிறது. காரணம் அங்கேயும் இருக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது வலியைப் பற்றி அவர்கள் சொன்ன கணக்கு. வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று இல்லை. பத்துக்கு இரண்டு, மூன்று அளவு வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம். ஓட்டத்துக்கும் இதே கணக்கு. ஓட்டத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. காலை மாலை என்பதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆக்கி, தூரத்தைப் பாதியாக்கி, எட்டு வைப்பதை, அதாவது காலடியை, சின்னதாக்கச் சொன்னார்கள். நிமிடத்துக்கு 160 எட்டு வைக்கிறவன் 170 வைத்தால், அதே வேகத்தில் ஒவ்வொரு எட்டிலும் சில்லில் விழும் பாரம் குறைகிறது. அஞ்சு பைசா செலவில்லாத வைத்தியம் இது. மூன்று வாரம் லைட் வைத்தாலும் அந்த லைட் அவனுக்கு எட்டு வைக்கச் சொல்லித்தராது.

குறைகள் இல்லாமல் இல்லை. பலன் தெரிய ஆறு வாரத்தில் இருந்து பன்னிரண்டு வாரம். அலுப்பு தட்டும். வீட்டில் செய் என்று விட்டுவிட்டால் பலர் இரண்டாம் வாரமே நிறுத்திவிடுகிறார்கள், தம்பியும் நிறுத்தினான். ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பிசியோ பார்க்கலாம், காசு கிடையாது, ஆனால் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்க ஒரு காலைப்பொழுது வேண்டும். தனியாரிடம் போனால் காசு, ஆனால் நேரம் மிச்சம். எங்கே போனாலும் உங்களை நடக்கச் சொல்லி, படி இறங்கச் சொல்லிப் பார்க்காமல் நேரே கட்டிலில் படுக்கச் சொல்லி வயரை எடுத்தால், அந்த இடம் உங்களுக்கு இல்லை.

மாத்திரையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வலி மாத்திரை சில நாளுக்கு, மருத்துவர் சொல்லிச் சாப்பிட்டால் தவறில்லை. மைதானத்தில் பையன்கள் ஓடுவதற்கு முன்னால் வெறும் வயிற்றில் டைக்ளோபெனாக் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வியர்வையில் தண்ணீர் வற்றிய உடம்பில் அது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். போதாததற்கு, நிறுத்து என்று முட்டு சொல்வதைக் காதில் விழாமல் செய்துவிடும். ஸ்டீராய்டு ஊசி இந்த வயதில், அதுவும் தசைநாண் வலிக்கு, வேண்டவே வேண்டாம் என்பேன். தசைநாண் பலவீனப்பட்டு அறுந்துவிட வாய்ப்பிருக்கிறது.

அம்மாவின் எண்ணெயை நான் கேலி செய்ய மாட்டேன். பாளையங்கோட்டையில் 1964-ல் இருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தொக்கணம் என்கிற நீவும் வைத்தியமும் ஒற்றடமும் வர்மமும் அங்கே பாடம். இறுகிய தொடைத் தசையை எண்ணெய் போட்டு நீவிவிட்டால் இதமாக இருக்கிறது, அன்றைக்குத் தூக்கம் வருகிறது. அது போதும், அதற்கு மேல் அதனிடம் கேட்காமல் இருந்தால். ஆனால் கால் திருகி வீங்கிய முட்டைத் தெருவில் யாரோ சுளுக்கு வழிக்கிறவரிடம் கொண்டுபோய் இழுத்து முறுக்கவிடாதீர்கள். பாதி கிழிந்த ஜவ்வு முழுசாகக் கிழிந்து வந்த கதையை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் யார் எதை எடுப்பது? தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால், எந்தச் சிகிச்சையும் அதற்குள் தசையை வளர்த்துத் தராது. ஓட்டத்தைக் குறைத்து, எட்டைச் சுருக்கி, முட்டில் டேப் ஒட்டிக்கொண்டு சமாளிக்கலாம். கையில் காசு இருந்து, அளவு தெரிந்து லேசர் வைக்கும் ஆள் கிடைத்தால், அந்த மூன்று வாரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். நாலு நாள் வலி குறைந்து பயிற்சி செய்ய மனசு வந்தால் அதுவும் லாபம்தான். மூன்று மாதம் இருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், பயிற்சிதான்.

முக்கூடலில் பீடி சுற்றும் என் சித்தி மகளுக்கு வயது 30. தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சம்மணம். அவளுக்கும் முட்டின் முன்பக்கம்தான் வலி. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள், பத்து சிட்டிங்குக்குப் பத்து நாள் பஸ் ஏறித் திருநெல்வேலி வந்தால் பத்து நாள் கூலி போச்சு. லேசர் இலவசம் என்றாலும் அவளுக்குக் கட்டாது. அவளுக்கு நான் சொன்னது ஒரு உயரமான பலகை, அரை மணிக்கு ஒருதரம் காலை நீட்டுவது, ஒரே ஒரு நாள் பிசியோவைப் பார்த்து நாலு பயிற்சியைக் கற்றுக்கொண்டு வருவது. "உக்காந்தா வேலை, நீட்டுனா வேலையா ண்ணே?" என்று சிரித்தாள். பலகையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஆறு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் கேட்கவில்லை, எலும்பு மருத்துவரும் பார்த்து வேறு கோளாறு இல்லை என்றுவிட்டார், ஊசிக்குப் பயம். இவர்களுக்குத்தான் லேசர் அக்குபஞ்சர் ஒரு நியாயமான சோதனை. அப்போதும் பத்து சிட்டிங்குக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். நாலு சிட்டிங், நாலுக்கு மட்டும் காசு. தொடங்கும் முன் ஒரே படிக்கட்டில் இறங்கிப் பார்த்து வலிக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் எழுதி வையுங்கள், நாலாவது சிட்டிங் முடிந்து அதே படியில் இறங்கி மறுபடி எழுதுங்கள். இரண்டு மதிப்பெண்ணாவது குறையாவிட்டால் நிறுத்திவிடலாம். போர்டில் டாக்டர் என்று இருந்தாலும் என்ன படித்தவர் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

தம்பிக்கு ஐயாயிரத்தை லேசருக்குத் தரவில்லை. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதில் ஒரு பகுதி பிசியோவுக்கும் ஒரு ஜோடி ஷூவுக்கும் போனது. இரண்டாம் வாரம் நிறுத்தினான், அத்தான் கேலி செய்ததும் மறுபடி தொடங்கினான். அம்மா ராத்திரி ராத்திரி எண்ணெய் தடவுவதை நிறுத்தவே இல்லை. பதினோராவது வாரம் குறுக்குத்துறையில் வாளியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கியவனைப் பார்த்து, "வலிக்காடே?" என்று கேட்டேன். இல்லை என்றான். எண்ணெயால்தான் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் இடது முட்டு லேசாக முணுமுணுக்கிறது என்றான். பயிற்சியை இரண்டு காலுக்கும் செய்யச் சொன்னார்களே, செய்தாயா என்று கேட்டேன். பேச்சில்லை.